கொத்துகிற கோழிக்கும் ஒரு நியாயம் உண்டு

கேள்வி–பதில்

தேவிகாபுரத்திலிருந்தும் ஆரணி, போளூர், சேத்துப்பட்டுப் பக்கத்திலிருந்தும் இந்த முறை வந்த கேள்விகள் அநேகமாக ஒரே விஷயத்தைப் பற்றியவை: புதிதாக வாங்கிய கோழிக்குஞ்சுகளை வீட்டில் ஏற்கெனவே வளரும் கோழிகளோடு எப்படிச் சேர்ப்பது? முன்கட்டில் தறி, பின்கட்டில் கோழி என்று வாழும் குடும்பங்களுக்கு ஐந்து குஞ்சு சாவது சின்ன நஷ்டம் அல்ல. அதனால் இந்தப் பகுதி முழுவதையும் கோழிக்கே கொடுத்துவிட்டோம்.

கே: இத்தனை நாளும் சாதுவாகத் திரிந்த கோழிகள், புதுக் குஞ்சுகளைக் கண்டதும் கொத்திக் குதறிவிட்டன. அவற்றுக்கு என்ன ஆயிற்று?
— ஒரு வாசகி, தேவிகாபுரம்

ப: ஒன்றும் ஆகவில்லை அம்மா. தங்கள் வீட்டு ஒழுங்கை அவை காக்கின்றன. யார் முதலில் தின்பது, யார் உயரத்தில் அடைவது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு வரிசை இருக்கும். தலைக்கோழி எல்லாவற்றையும் கொத்தலாம். கடைசிக் கோழி எதையும் கொத்த முடியாது. நார்வேக்காரரான தோர்லைஃப் ஷெல்டெரப் எப்பே, சிறுவயதிலிருந்தே கோழிகளைக் கவனித்துக் குறிப்பெழுதி, 1921-இல் இந்தக் கொத்தும் வரிசையை ஆய்வாக வெளியிட்டார். வரிசை நிலைத்த கூட்டத்தில் சண்டை அரிது. ஒரு முறைப்பிலேயே விஷயம் முடிந்துவிடும். திடீரென்று பத்துக் குஞ்சு வந்து நின்றால் பத்துக்கும் இடம் தீர்மானமாக வேண்டும், அதைத் தீர்மானிக்கக் கோழிக்குத் தெரிந்த ஒரே வழி அலகுதான். கொத்துவதை நாம் தடுக்க முடியாது. உயிர் போகாமல், ரத்தம் வராமல் அது நடந்து முடிய வழி செய்யலாம்.

கே: குஞ்சுகளை எந்த வயதில் பெரிய கோழிகளோடு விடலாம்?
— போளூர்

ப: வயதைவிட உடம்பைப் பாருங்கள். பெரிய கோழியின் உருவத்தில் முக்கால் பங்காவது வளர்ந்திருக்க வேண்டும். நந்தனம், வனராஜா போன்ற ரகங்கள் வேகமாக வளரும். சிறுவிடைக் குஞ்சு மெதுவாக வளரும் என்பதால் மூன்று மாதம் தாண்டட்டும். ஓடித் தப்பிக்கக் காலும், எட்டிப் பறந்து உயரத்தில் ஏறச் சிறகும் வந்த பிறகு சேர்த்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

கே: கால்நடைப் பராமரிப்புத் துறைத் திட்டத்தில் மானிய விலையில் நாட்டுக்கோழிக் குஞ்சுகள் 40 கிடைத்திருக்கின்றன. நான்கு வாரக் குஞ்சுகள். வீட்டில் ஆறு பெரிய கோழிகள். கொண்டுவந்த அன்றே விட்டுவிடலாமா?
— ஒரு தாய், சேத்துப்பட்டு

ப: வேண்டாம் அம்மா. நான்கு வாரக் குஞ்சுக்கு இறகு இப்போதுதான் மூடியிருக்கும். குளிர்ந்த இரவில் அதற்கு இன்னும் கதகதப்பு வேண்டும், பெரிய கோழியின் ஒரு கொத்தையும் தாங்காது. குறைந்தது இரண்டு மாதம் தனிக் கூண்டில் வளருங்கள். நாற்பதை ஆறோடு சேர்ப்பதில் உங்களுக்கு ஒரு சாதகம் உண்டு. எண்ணிக்கை குஞ்சுகள் பக்கம் இருப்பதால் எந்த ஒரு குஞ்சும் தனியாக மாட்டிக்கொண்டு அடி வாங்காது. ஆனால் நாற்பத்தாறுக்கும் இடம் போதுமா என்று முதலில் பாருங்கள். அடைகிற கூண்டில் ஒரு கோழிக்கு மூன்று முதல் நான்கு சதுர அடி வேண்டும், பகலில் மேயப் பத்து சதுர அடி. இடம் இல்லையென்றால் சேவல் குஞ்சுகளை வளர்த்து விற்றுவிட்டுப் பெட்டைகளை மட்டும் சேருங்கள். நெரிசலில் எந்த உபாயமும் பலிக்காது.

கே: என் பாட்டி பஞ்சாரத்தில் குஞ்சுகளைக் கவிழ்த்து வைப்பார். இப்போது யாரும் செய்வதில்லை. அதில் பயன் உண்டா?
— கல்லூரி மாணவர், ஆரணி

ப: தம்பி, இந்தப் பகுதியிலேயே மதிப்புள்ள கேள்வி உங்களுடையது. காகமும் வல்லூறும் கீரியும் தூக்கிப் போகாமல் இருக்கத்தான் பஞ்சாரம் என்று நினைக்கிறோம். அது பாதிப் பயன். உள்ளே இருக்கும் குஞ்சை வெளியே மேயும் கோழி பார்க்கிறது, குஞ்சும் கோழியைப் பார்க்கிறது, அலகு மட்டும் எட்டுவதில்லை. பழைய கோழிகளுக்குப் புதுக் குஞ்சைப் பழக்க இதைவிட நல்ல ஏற்பாடு எந்த நாட்டிலும் கிடையாது. வெளிநாடுகளில் கம்பிவலைத் தடுப்பு போட்டுச் செய்வதும் இதே வேலைதான். பாட்டியின் பஞ்சாரம் பரணில் இருந்தால் இறக்கித் தூசி தட்டுங்கள். மூங்கில் உடைந்திருந்தால் கம்பிவலையை வளைத்துக் கட்டினாலும் போதும். வெயில் ஏறினால் நிழலுக்கு நகர்த்துங்கள், உள்ளே தண்ணீர் தீராமல் இருக்கட்டும்.

கே: சேர்க்கும் முறையை ஆரம்பத்திலிருந்து வரிசையாகச் சொல்லுங்கள்.
— தறிக்காரர், தேவிகாபுரம்

ப: உங்களுக்குத் தெரிந்த வேலையிலிருந்தே சொல்கிறேன். பழைய பாவின் முனையில் புதுப் பாவைப் பிணைக்கும்போது இழை இழையாகத்தானே முறுக்குகிறீர்கள்? ஒரு கற்றையாக முடிச்சுப் போட்டால் தறியே ஓடாது. கோழிக்கும் அந்த நிதானம் வேண்டும்.

முதல் மூன்று, நான்கு வாரம்: வெளியிலிருந்து வந்த குஞ்சானால் கண் மறைவில் தனியாக வையுங்கள். நோய் இருக்கிறதா என்று பார்க்கும் காலம் இது.

அடுத்த ஒரு வாரம், பத்து நாள்: பஞ்சாரத்திலோ வலைத் தடுப்புக்குப் பின்னாலோ பழைய கோழிகளின் பார்வையில் வையுங்கள். தடுப்பின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தீனி போடுங்கள். அடுத்த வீட்டாரைப் போலப் பக்கத்தில் நின்று தின்னப் பழகும்.

பிறகு: மாலையில் அடைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு தடுப்பைத் திறங்கள். அது மேய்ந்து களைத்து, வயிறு நிறைந்திருக்கும் நேரம். கம்பையும் குருணையையும் முற்றம் முழுக்க இறைத்துவிடுங்கள். குனிந்து பொறுக்கும் கோழிக்குச் சண்டையில் நாட்டம் குறையும். இருட்டும் முன் குஞ்சுகளைத் திரும்பத் தனியே அடையுங்கள். சில நாள் இப்படிச் செய்து, நேரத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள்.

கடைசியில்: முழுநாளும் ஒன்றாக மேயவிட்டு, ஒரே கூண்டில் அடையுங்கள். தீனித் தட்டும் தண்ணீர்ப் பாத்திரமும் இரண்டு, மூன்று இடத்தில் இருக்கட்டும். ஒரே தட்டு என்றால் தலைக்கோழி அதன் மேல் காவல் நிற்கும். சாய்த்து வைத்த பலகை, விறகுக் கட்டு, கவிழ்த்த கூடை என்று ஒளிய இடமும் வேண்டும். ஒளிவிடத்துக்கு இரண்டு வாசல் இருப்பது முக்கியம். ஒரு வாசல் மட்டும் இருந்தால் குஞ்சு உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

கே: இரவில் இருட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் காலையில் கோழிகள் அடையாளம் தெரியாமல் ஏற்றுக்கொள்ளும் என்கிறார்களே?
— களம்பூர்

ப: இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது என்பது உண்மை. விடிந்ததும் தெரியும் என்பதும் உண்மை. ஏற்கெனவே பார்த்துப் பழகிய குஞ்சுகளை இரவில் அடையும் கட்டையில் ஏற்றிவைப்பது நல்ல முறை. பார்க்காத குஞ்சை அப்படி வைத்தால், காலையில் கதவு திறக்கும் வரை தப்பியோட வழியில்லாத கூண்டுக்குள்ளேயே அடி வாங்கும். இரவில் வைத்தால் மறுநாள் வெளிச்சம் வருவதற்குள் எழுந்து கூண்டைத் திறந்துவிடுங்கள்.

கே: 21 நாள் அடை கிடந்து எழுந்த எங்கள் வீட்டுக் கோழியையே மற்றவை கொத்துகின்றன. அது அந்தக் கூட்டத்திலேயே வளர்ந்த கோழி. மறந்துவிட்டனவா?
— முள்ளிப்பட்டு

ப: வரிசையில் விட்டுப்போன இடம் காலியாக இருப்பதில்லை. அது அடையில் இருந்த மூன்று வாரத்தில் அடுத்த கோழி அந்த இடத்தைப் பிடித்திருக்கும். இன்னொன்றும் உண்டு. கோழிகள் ஒன்றையொன்று முக்கியமாகத் தலையையும் கொண்டையையும் பார்த்தே அடையாளம் காண்கின்றன. அமெரிக்காவின் கான்சாஸில் ஏ. எம். குல் என்ற ஆய்வாளர் கோழிகளின் தோற்றத்தை மாற்றி விட்டுப் பார்த்தார். தலைப்பக்கம் செய்த மாற்றம்தான் மற்ற கோழிகளை அதிகம் குழப்பியது. அடை கிடக்கும் கோழி சரியாகத் தின்னாது, கொண்டை வெளுத்துச் சுருங்கும். பழைய தோழிகளுக்கே அது வேற்று முகமாகத் தெரியலாம். குஞ்சோடு இருக்கும் தாய் சளைக்காமல் திருப்பிக் கொத்தும் என்பதால் பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும். அடையில் இருக்கும்போதே தினம் ஒருமுறை தீனிக்கு எழுந்து கூட்டத்தோடு நிற்கவிட்டால் இந்தச் சிக்கல் வராது.

கே: அப்படியானால் வாங்கிய குஞ்சுகளையும் ஒரு தாய்க்கோழியிடமே ஒப்படைத்துவிடலாமே?
— அதே ஊர், வேறு வாசகர்

ப: தாராளமாக. எல்லா முறையிலும் இதுவே சிறந்தது. ஆனால் ஓரிரு நாள் வயதுக் குஞ்சாக இருக்க வேண்டும். கோழியும் அடையில் சில நாளாவது கிடந்ததாக இருக்க வேண்டும். இரவில் முட்டையை எடுத்துவிட்டுக் குஞ்சுகளை அதன் வயிற்றடியில் தள்ளிவையுங்கள். காலையில் நின்று பாருங்கள். கொக்கரித்து அழைத்தால் ஏற்றுக்கொண்டது, கொத்தினால் உடனே எடுத்துவிடுங்கள். தாயோடு வளரும் குஞ்சை மற்ற கோழிகள் சீண்டாது, சீண்டினால் தாய் விடாது. தாய் கொத்திப் பிரித்துவிடும் நாளுக்குள் குஞ்சுகள் கூட்டத்தில் தங்கள் இடத்தைத் தாமே கண்டுகொண்டிருக்கும்.

கே: சந்தையில் வாங்கிய குஞ்சு பார்க்கத் துறுதுறுவென்று இருக்கிறது. அதையும் மூன்று வாரம் ஒதுக்கி வைக்க வேண்டுமா?
— அவலூர்பேட்டை

ப: கட்டாயம். கொத்தினால் ஒரு குஞ்சு சாகும், கழிச்சல் வந்தால் கூட்டமே சாகும். வெள்ளைக்கழிச்சல் என்று நாம் அஞ்சும் நோய்க்கு இராணிகேத் என்று பெயர். 1920களில் குமாவோன் மலையிலுள்ள இராணிகேத் ஊரில் அது கண்டறியப்பட்டது. நோயின் அறிகுறி வெளியே தெரியும் முன்பே கோழி அதைப் பரப்பத் தொடங்கிவிடும் என்பதால், துறுதுறுப்பை மட்டும் நம்பக் கூடாது. ஒதுக்கி வைப்பதென்றால் முற்றத்தின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் அல்ல, முடிந்த அளவு தள்ளி வையுங்கள். பாத்திரம் தனி. முதலில் பழைய கோழிக்குத் தீனி, பிறகே புதியதற்கு. புதியதைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். செருப்பும் மாறட்டும். பேன் இருக்கிறதா என்று இறகடியில் பார்த்துவிடுங்கள். சாம்பலும் மணலும் கலந்த குழி ஒன்று இருந்தால் அவையே புரண்டு உதறிக்கொள்ளும்.

கே: தடுப்பூசி முன்பா, சேர்ப்பது முன்பா?
— தேவிகாபுரம்

ப: தடுப்பூசியே முன்பு. குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, மூன்று, நான்கு வாரத்தில் மறு சொட்டு, எட்டு வாரத்தில் ஊசி. நம் மாநிலக் கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரி மாதத்தில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமை இரண்டு வாரம் இலவசமாக நடத்துகிறது. எட்டு வாரம் தாண்டிய கோழிகளைக் கொண்டுபோகலாம். ஊசி போட்டு இரண்டு வாரம் கழித்துச் சேருங்கள். எதிர்ப்புச் சக்தி ஊற அத்தனை நாள் வேண்டும். பழைய கோழிகளுக்கும் போட்டிருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

கே: எந்த மாதம் சேர்க்க நல்லது?
— ஆரணி

ப: தை, மாசி. மழை ஓய்ந்து தரை காய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, முகாமும் அதை ஒட்டியே வரும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ரத்தக்கழிச்சல் குஞ்சுகளை வாரிக்கொண்டு போகும். அந்தக் கிருமிக்கு நனைந்த தரைதான் தோது. அப்போது சேர்த்தே ஆகவேண்டும் என்றால் அரிசி ஆலையிலிருந்து நெல் உமி வாங்கி இரண்டு அங்குலம் பரப்பி, நனைந்த இடத்தை அன்றன்றே அள்ளி மாற்றுங்கள். அக்னி நட்சத்திரத்தில் வேண்டவே வேண்டாம். அந்த வெயிலில் துரத்தப்பட்ட குஞ்சு ஓடியே சுருண்டுவிடும்.

கே: சேர்த்த பிறகு எல்லாவற்றுக்கும் ஒரே தீவனம் போடலாமா?
— போளூர்

ப: போடலாம், ஆனால் முட்டைக்கோழித் தீவனத்தை அல்ல. அதில் முட்டை ஓட்டுக்காகச் சுண்ணாம்புச் சத்து 3.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். வளரும் குஞ்சுக்கு 1 சதவீதமே போதும், மிகுந்தால் சிறுநீரகம் கெடும். எல்லாவற்றுக்கும் வளரும் பருவத் தீவனத்தைக் கொடுத்துவிட்டு, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். முட்டையிடும் கோழி தேவையானதைத் தானே எடுத்துக்கொள்ளும்.

கே: பட்டுக்கூட்டில் நூல் எடுத்த பிறகு மிஞ்சும் புழுவைக் கோழிக்குக் கொடுக்கலாமா?
— பட்டு நெசவாளர், தேவிகாபுரம்

ப: கொடுக்கலாம். உலர்ந்த புழுவில் பாதிக்கு மேல் புரதம். நம் ஊரில் நெய்வதுதான் உண்டு, நூல் எடுக்கும் இடத்தில் உங்களுக்குத் தெரிந்தவர் இருந்தால் கேட்டு வாங்குங்கள். எண்ணெய்ச் சத்து அதிகம் என்பதால் சீக்கிரம் சிக்கு வாடை பிடிக்கும். நன்றாகக் காய்ந்ததாக, தீவனத்தில் ஒரு சிறு பங்காக மட்டும் இருக்கட்டும். அளவு மிஞ்சினால் முட்டையிலும் அந்த வாடை ஏறும்.

கே: துரத்துவதும் கொத்துவதும் எந்த அளவு வரை சரி? எப்போது குறுக்கிட வேண்டும்?
— ஒரு வாசகி, சேத்துப்பட்டு

ப: கொத்திவிட்டு விலகினால், துரத்திவிட்டு நின்றால், விட்டுவிடுங்கள். ரத்தம் கண்டால் அந்த நொடியே எடுங்கள். சிவப்பைக் கண்ட இடத்தில் மற்றக் கோழிகளும் கூடிக் கொத்தும், பிறகு நிறுத்த முடியாது. காயத்தில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவி, ஆறும் வரை கண்ணில் படும்படி தனியே வையுங்கள். மாலையில் ஒவ்வொரு குஞ்சின் கழுத்தடியிலும் தடவிப் பாருங்கள். தீனிப்பை உருண்டு திரண்டிருந்தால் தின்றிருக்கிறது. வெறுமையாக இருந்தால் மற்றவை தின்ன விடவில்லை என்று அர்த்தம். ஒரே கோழிதான் விடாமல் வம்பு செய்கிறது என்றால், அடி வாங்கும் குஞ்சை எடுக்காமல் அடிக்கும் கோழியை எடுத்து மூன்று, நான்கு நாள் தனியே அடையுங்கள். திரும்பி வரும்போது அதுதான் புதியது, அதன் மிடுக்கும் குறைந்திருக்கும்.

கே: ஒரே ஒரு குஞ்சு மிஞ்சியிருக்கிறது. அதைச் சேர்க்கலாமா?
— களம்பூர்

ப: தனியாக வேண்டாம். ஒத்த வயதில் இன்னும் இரண்டையாவது தேடி, மூன்றையும் பழக்கிச் சேருங்கள். கொத்துகள் மூன்றாகப் பிரியும், குஞ்சுக்கு ஒண்டிக்கொள்ளத் துணையும் இருக்கும்.

கே: சேவல், குஞ்சுகளைக் கொன்றுவிடுமா?
— தேவிகாபுரம்

ப: அச்சம் வேண்டாம். சேவலின் வரிசை வேறு, பெட்டைகளின் வரிசை வேறு. நிதானமான சேவல் பெட்டைகளின் சண்டையில் குறுக்கே நுழைந்து பிரித்துவிடும். சிக்கல், வந்த குஞ்சில் சேவல் இருந்து அது கூவத் தொடங்கும்போதுதான். அதற்குள் எதை வைத்துக்கொள்வது என்று முடிவெடுங்கள். பெருவிடை ரகத்தில் இரண்டு சேவலை ஒரே முற்றத்தில் விடவே கூடாது. ஆடியில் கூழ் வார்க்கும்போது சேவலை எடுத்தாலும் கூட்டத்தில் சில நாள் சலசலப்பு இருக்கும். அந்த நேரத்தில் புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம்.

கே: பண்ணையில் செய்வதுபோல மூக்கை வெட்டிவிட்டால் என்ன?
— ஆரணி

ப: செய்யாதீர்கள். நாமக்கல் பண்ணைகளில் ஒரே வயதுக் கோழிகளை மொத்தமாக ஏற்றி மொத்தமாக இறக்குகிறார்கள். கூண்டு நெரிசலுக்காக அலகைக் குறைக்கிறார்கள். உங்கள் கோழி புழுவும் கரையானும் கிளறித் தின்று பிழைப்பது. பேனைக் கோதி எடுப்பதும் அந்த அலகால்தான். அதை வெட்டினால் உணவும் போயிற்று, தற்காப்பும் போயிற்று. இடத்தைக் கூட்டுங்கள், கொத்து குறையும்.

கே: துரத்தப்பட்ட கோழிகள் தறிக்குழிக்குள் வந்து விழுகின்றன. பட்டில் எச்சம் பட்டால் கூலியே போய்விடும். என்ன செய்வது?
— தறிக்காரர், தேவிகாபுரம்

ப: சேர்த்த முதல் வாரம் குஞ்சுகள் திறந்த வாசல் எதுவானாலும் நுழையும். அதனால் மூன்று ஏற்பாடு செய்யுங்கள். தறி இருக்கும் அறை வாசலில் முழங்கால் உயரத்துக்கு மேல் வலைக்கதவு. கொல்லைப் பக்கம் உயரமான அடையும் கட்டை, பயந்தால் ஏற அதுவே தோன்றும். தெருவில் பாவு நீட்டும் நாளில் தடுப்பைத் திறக்காதீர்கள். அன்று உங்கள் கவனம் முழுதும் இழையில் இருக்க வேண்டும், கோழிக்குக் காவல் நிற்க ஆளும் இருக்காது.

கே: இவ்வளவு பாடு எதற்கு? பழைய கோழிகளை ஒட்டுமொத்தமாக விற்றுவிட்டுப் புதிதாகவே தொடங்கலாமே?
— இளைஞர், போளூர்

ப: விற்றால் கையில் வருவது கறிவிலை. கையை விட்டுப் போவது வேறு. வல்லூறு நிழல் பட்டதும் குரல் கொடுப்பது, எந்தப் புதரில் பதுங்குவது, எங்கே புழு கிடைக்கும், இருட்டும் முன் எங்கே அடைவது என்பதையெல்லாம் குஞ்சு பழைய கோழியைப் பார்த்தே கற்கிறது. மின்விளக்குச் சூட்டில் வளர்ந்த நாற்பது குஞ்சுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. தவிர, அடை கிடந்து குஞ்சு பொரிக்கும் நாட்டுக்கோழி வீட்டில் இருந்தால் அடுத்த தலைமுறைக்குக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. தறிக்கூலி தள்ளிப்போகும் மாதத்தில் முட்டை விற்ற பணம்தான் வீட்டுப் பெண்ணின் கையில் நிற்கிறது. ஒன்றரை, இரண்டு மாதம் பொறுத்துச் சேர்த்தால் அந்த வரவு அறுபடாது. பஞ்சாரம் ஒன்று, தீனித்தட்டு இரண்டு கூடுதலாக, தடுப்பூசித் தேதி குறித்த ஒரு தாள்: இவை கையில் இருந்தால் தொடங்கலாம்.